உமிரித்தீவுக்கு நாலு நாள்

உ
பூநகரி
02.03.2025

பிள்ளை யதுர்ஷிகா,

நாலு மணித்தியாலத்தில சுத்தி முடிக்கிற தீவை ஏன் நாலு நாளா நடக்க வேணுமெண்டுதான் எனக்கு விளங்கேல்லை. உன்ர கடிதத்தைக் கண்ணாடி போடாமல் ஒருக்கா, போட்டு ஒருக்கா வாசிச்சனான். ரெண்டு தரமும் அப்பிடித்தான் எழுதிக் கிடக்குது. உமிரித்தீவில என்ன இருக்குது எண்டு வாறாய்? ஒரு அந்தோனியார் கோயில், ஒரு கிணறு, பத்தைக்காடு, ஆரோ ஆக்களின்ர மாடுகள் கொஞ்சம். மீன் பிடிக்கிற ஆக்களே வேலை முடிஞ்ச கையோட திரும்பி வந்திடுவினம். நீ என்னெண்டா, முதுகில பையைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு மைல் நடந்து, நிண்டு பாத்து, இருந்து பாத்து, ரென்ற் கூடாரம் அடிச்சுப் படுத்து, விடிய எழும்பி இன்னொரு மைல் எண்டு எழுதியிருக்கிறாய். அதுவும் என்னையும் இழுத்துக்கொண்டு.

பார், சுகம் கேக்க முதலே சண்டையைத் தொடங்கிட்டன். பிள்ளையாற்ற புண்ணியத்தில இஞ்ச நாங்கள் இருக்கிறம். அங்க நோர்வேயில உனக்குக் குளிர் குறைஞ்சுதோ? முதியோர் இல்லத்தில இன்னும் ராவேலைதானோ? ஒன்பது வருசமாக் கண்ணால காணாத பிள்ளை, ஆவணியில வாறன் எண்டு எழுதினதை வாசிச்சிட்டுப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சனான். வந்து என்னோட இருந்து சாப்பிட்டு நித்திரை கொள்ளன். தீவு எங்கையும் ஓடாது.

நீ போனில சொல்லாமல் கடிதமாப் போட்டது நல்ல வேலை. போன் மாமாவின்ர தலைமாட்டிலதான் கிடக்குது. அவர் கட்டில்ல கிடக்க, அவற்ற காது கேக்க நான் தீவு பாக்கப் போற கதை கதைக்கிறதோ? அதுதான் கோயில் மண்டபத்தில இருந்து எழுதுறன். ஆனா ஒண்டு, தபால்காரர் வந்தா ஆரிட்டை இருந்து, என்னவாம் எண்டு விடாமல் கேக்கிற மனிசன், உன்ர கடிதத்துக்கு மட்டும் ஒண்டும் கேக்கேல்லை.

மாடு கத்துது. போறன்.

பிள்ளையார் துணை.
உன்ர மாமி,
சிவலட்சுமி


பேர்கன்
21.03.2025

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். இஞ்ச மழை. நீங்களும் மாமாவும் சுகமா இருக்க வேணும்.

உங்கட சண்டை கிடைச்சது. இஞ்ச ஆக்கள் இப்பிடித்தான் லீவெடுத்துப் போவினம். ஆளில்லாத தீவு, காடு, மலை. கெதியாப் போய்ச் சேருறதுக்கில்லை, மெதுவாப் போறதுக்குத்தான். நான் நாலைஞ்சு தரம் போனனான். திரும்பி வந்து ஒரு மாசத்துக்கு நல்லா வேலை செய்யலாம். உங்களோட ஒருக்காப் போக வேணும். என்ர திட்டம்: முதல் நாள் கிணத்தடி, ரெண்டாம் நாள் மேற்குக் கரை, மூண்டாம் நாள் காட்டுக்குள்ளால வடக்கு முனை, நாலாம் நாள் திரும்பிக் கோயிலடி. சுமை முழுக்க நான் தூக்குவன்.

மாமி, இனி முக்கியமான விசயம். மாமாவுக்கு ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழ ஏலாமல் போய் இந்தச் சித்திரையோட பதினாறு வருசம். நீங்கள் ஒரு ராத்திரி கூட முழுசா நித்திரை கொண்டதில்லை எண்டு எனக்குத் தெரியும். வவுனியாவில அப்பிடியான ஆக்களைப் பாக்கிற இல்லம் ஒண்டு இருக்குது. வீட்டில பாக்கிற ஆளுக்கு ஆறுதல் வேணுமெண்டா ஒரு கிழமைக்கு வைச்சுப் பாப்பினமாம். நான் கதைச்சிட்டன், ஆவணியில ஒரு கட்டில் இருக்குது. ஒருக்காப் போய்ப் பாருங்கோ.

இப்பவும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பித்தான் மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறீங்களோ? எழுதுங்கோ.

அன்புடன்,
யது


உ
பூநகரி
17.04.2025

பிள்ளை யது,

வருசப்பிறப்பு நல்லபடியா முடிஞ்சுது. மருத்துநீர் வைச்சுக் குளிச்சு, மாமாவுக்கும் தலையில தடவி, கைவிசேசம் வாங்கினனான். உனக்கும் ஒரு நூறு ரூவாய்த் தாள் எடுத்து வைச்சிருக்கிறன். நீ சுகமோ? எங்கட பாடு ஓடுது.

அந்தத் தீவுக் கதை. மீன்காரப் பெடியன் றஜித்தைச் சந்தையில கண்டு விசாரிச்சனான். ஆவணியில சோழகக் காத்து அடிக்குமாம், வள்ளம் துள்ளுமாம். கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவராம். பத்தைக்குள்ள புடையன் பாம்பு இருக்குதாம். நேவிக்காரரிட்டைப் பேர் குடுத்திட்டுத்தான் போகலாமாம். எல்லாத்துக்கும் மேல நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறினா இருபத்தைஞ்சு நாளும் எனக்கு விரதம். விரதக்காரி எங்கையடி மீன்காரற்ற வள்ளத்தில ஏறுறது? அதோட ஆவணி ஞாயிறும் வருது. முழங்கால் வேற கோயில் படி ஏறவே சத்தம் போடுது. செருப்பும் வார் அறுந்து ஊசி குத்திப் போட்டிருக்கிறன்.

ரென்ற் எண்டு வேற எழுதியிருக்கிறாய். செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்குக் கீழ கிடந்து வெளிக்கிட்ட அண்டைக்கு, இனி ஓட்டுக்குக் கீழதான் படுப்பன் எண்டு பிள்ளையாரிட்டைச் சொன்னனான். அவர் தகரத்துக்குக் கீழ வைச்சிருக்கிறார். பரவாயில்லை.

எங்கட மாடு கறுப்பி கண்டு போட்டிருக்குது, நாம்பன் கண்டு. மல்லிகை இந்த முறை நல்லாப் பூக்குது, வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு மாலை கட்டலாம். ஐயர் உன்னை விசாரிச்ச

இந்த இடத்தில நித்திரையாப் போனன். பேனை இழுபட்ட கோட்டைப் பார், பாம்பு மாதிரி. ஐயர் வந்து எழுப்பித்தான் எழும்பினனான். வெக்கமாப் போச்சு. திருப்பிற நேரமும் ஆகுது. வாறன்.

உன்னை நினைக்கிற,
மாமி


பேர்கன்
04.05.2025

அன்புள்ள மாமிக்கு,

நல்ல சுகம். கறுப்பிக்கும் கண்டுக்கும் சுகம் சொல்லுங்கோ.

காத்து: றஜித் அண்ணாவோட வட்ஸ்அப்பில கதைச்சனான். விடியக் காலமை கடல் படுத்திருக்குமாம், அந்த நேரம் கொண்டுபோய் விடுவார். தண்ணி: நாலு கான் அவரே கொண்டு வருவார். பாம்பு: பெரிய சப்பாத்து, தடி, ரோச் லைற். விரதம்: நல்லூர்த் தீர்த்தம் முடிஞ்ச பிறகுதான் போறம், திங்கள் போய் வெள்ளி வாறம், ஞாயிறு இடையில வராது. முழங்கால்: ஒரு நாளைக்கு ஒரு மைல் தான். அதுவும் ஏலாட்டி அரை மைல்.

மாமி, நான் கேக்காத எல்லாத்துக்கும் பதில் எழுதியிருக்கிறீங்கள். கேட்டதுக்கு எழுதேல்லை. வவுனியாவுக்குப் போனீங்களோ?

அன்புடன்,
யது


பேர்கன்
19.06.2025

அன்புள்ள மாமிக்கு,

சுகமா இருக்கிறீங்களோ? ஆறு கிழமையாக் கடிதம் இல்லை. போன் எடுத்தா, ஓம் பிள்ளை, எல்லாம் சரி, வைக்கிறன் எண்டு வைக்கிறீங்கள். மாமாவோட கதைச்சா உங்களைக் கூப்பிட்டு விடுறார், நீங்கள் மாட்டைச் சாட்டிக்கொண்டு போறீங்கள்.

நான் உங்களைக் கரைச்சல் படுத்திறன் எண்டா சொல்லுங்கோ. தீவை விட்டிடுவம். ஆனா கோவமோ எண்டு மட்டும் எழுதுங்கோ.

யது


உ
பூநகரி
06.07.2025

என்ர பிள்ளைக்கு,

கோவமில்லை. உன்னோட கோவிச்சு நான் எங்க போறது? எங்களுக்கெண்டு பெத்த பிள்ளையள் இல்லை. தம்பியின்ர மோள் நீ, உன்னை நினைச்சுத்தான் விளக்குக் கொளுத்துறன். நீ சுகமா இரு. நான் எப்பிடியெண்டு கேட்டா, களைச்சுப் போனன். இதை ஒருத்தருக்கும் நான் எழுதினதில்லை.

வவுனியாவுக்குப் போனனான். வைகாசியில, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போறன் எண்டு மாமாவுக்குப் பொய் சொல்லிப்போட்டு. அம்மாளாச்சியின்ர பேரைச் சொல்லிப் பொய் சொன்னனான், அந்தப் பாவம் தனி. பக்கத்து வீட்டு ரூபன்தான் அண்டு முழுக்க மாமாவைப் பாத்தது.

இல்லம் நல்ல இடம் பிள்ளை. குறை சொல்ல வேணுமெண்டுதான் போனனான். ஒண்டும் அம்பிடேல்லை. நிலம் துடைச்சுக் கிடந்தது. சக்கரக் கதிரை போறதுக்குச் சரிவு கட்டியிருக்கினம், வேப்பமரத்துக்குக் கீழ நாலைஞ்சு பேர் இருந்து கரம் போட் விளையாடிச் சிரிக்கினம். எங்கட மாமா சிரிச்சு நான் கேட்டு எவ்வளவு காலம் எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான். ஒரு நேர்ஸ் பிள்ளை வந்து, அம்மா, எப்பிடிப் பாக்கிறனீங்கள் எண்டு கேட்டுது. ஷெல் பட்ட அந்த வருசம் ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரித்தான் எண்டன். உனக்குத் தெரியாது, நீ சின்னப்பிள்ளை. ஒரு டொக்டர் பிள்ளை, கண்ணெல்லாம் சிவந்து போய், எத்தினை நாள் நித்திரை இல்லையோ, என்ர கையைப் பிடிச்சுச் சொன்னது: ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்புங்கோ அம்மா, விட்டா புண் வந்து ஆளைக் கொண்டுபோயிடும். அண்டு தொடங்கினது. மணிக்கூடு வேண்டாம், உடம்பே எழும்பும். ராவில ஒரு மணிக்கு எழும்புவன், மூண்டுக்கு எழும்புவன், அஞ்சுக்கு எழும்பினா பிறகு மாடு.

அந்த நேர்ஸ் பிள்ளை, நாலு நாளென்ன, ஒரு கிழமை விட்டிட்டு நிம்மதியாப் போட்டு வாங்கோ அம்மா, நாங்கள் பாப்பம் எண்டுது. அதைக் கேட்டிட்டு பஸ்ஸில வரேக்க அழுதனான். பக்கத்தில இருந்த மனிசி செத்தவீட்டுக்குப் போறனோ எண்டு கேட்டவா.

அவருக்கு ஏதும் ஆயிடும் எண்டு பயமில்லை பிள்ளை. ஒண்டும் ஆகாட்டி? நான் இல்லாமல் நாலு நாளும் நல்லாப் போச்சுதெண்டா, இந்தப் பதினாறு வருசமும் பிறகு நான் ஆர்?

வாசிச்சிட்டுக் கிழிச்சுப் போடு.

மாமி


பேர்கன்
20.07.2025

அன்புள்ள மாமிக்கு,

கிழிக்கேல்லை.

நீங்கள் கேட்டதை மூண்டு நாளாத் திரும்பத் திரும்ப வாசிச்சன். டிக்கெட் எடுத்திட்டன். ஓகஸ்ட் 23 சனி காலமை வந்திறங்குவன். இல்லத்துக்குப் பேர் குடுத்திட்டன். மாமாவை ஞாயிறு நாங்கள் ரெண்டு பேருமாக் கொண்டுபோய் விடுவம். உங்களுக்கு மனம் வராட்டி அண்டைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருவம், நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன்.

ஆனா மாமாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும்.

உங்களுக்குச் சப்பாத்து நான் கொண்டு வாறன். அளவு எழுதத் தேவையில்லை.

யது


உ
பூநகரி
05.08.2025

பிள்ளை யது,

நல்லூரில கொடியேறி இண்டைக்கு எட்டாம் நாள். நான் விரதம், சுகம். நீ வழிப்பிரயாணத்துக்கு முதல் உடம்பைப் பார்.

சொல்லிப்போட்டன். பத்து நாளா வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சனான். நேற்றுப் புட்டுக் குடுக்கேக்க, யது வாறாள், என்னை ஒரு தீவுக்குக் கூப்பிடுறாள், நீங்கள் நாலைஞ்சு நாள் வவுனியாவில இருக்க வேணும் எண்டன். அவர் புட்டைக் குழைச்சுக்கொண்டே "போட்டு வாவன்" எண்டார். அவ்வளவுதான். பிறகு, சம்பல் இன்னும் கொஞ்சம் வை எண்டார். ஒரு சொல்லுக்காக எண்டாலும், நீ இல்லாமல் நான் என்னெண்டு இருக்கிறது எண்டு கேட்டிருக்கலாம். எனக்கு அண்டு முழுக்கச் சாப்பாடு இறங்கேல்லை. விரதம் எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

சரி. வாறன். போகச் சொன்ன பிறகு நிண்டா எனக்குத்தான் மரியாதை இல்லை.

என்ன கொண்டு வாறது எண்டு ஆயத்தம் பண்ணிப்போட்டன். வறுத்த அரிசிமா ரெண்டு கிலோ, ஒடியல் மா, பருப்பு, பனங்கட்டி, எள்ளுருண்டை, தேங்காய் எட்டு, திருவலை, சின்னச் சட்டி ரெண்டு, புட்டுப் பானை, நீத்துப்பெட்டி, பாய், தலையணி, விளக்கு, நல்லெண்ணெய், திருநீறு, தேவாரப் புத்தகம், மாத்திற சீலை நாலு. அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஒரு பெட்டி. அவற்ற இடத்தில படுக்கப் போறம், சும்மா போகேலாது. பிள்ளையார் ஒண்டும் நினைக்கமாட்டார், அவரிட்டைக் கேட்டிட்டன். இதெல்லாத்தையும் நீ முதுகில தூக்குவன் எண்டு எழுதினனி.

அளவு தெரியாமல் சப்பாத்து வாங்கிக் காசைக் கரியாக்காதை. என்ர செருப்பே போதும், ஊசி இன்னும் தாங்குது.

பாத்து வா.

மாமி


உ
பூநகரி
14.09.2025

என்ர யதுக்குட்டி,

நீ போய் இறங்கினதெண்டு போனில சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வேலைக்குப் போகத் தொடங்கிட்டியோ? இஞ்ச ரெண்டு பேரும் சுகம். இந்த முறை சும்மா எழுதுற சுகமில்லை, உண்மையாவே சுகம்.

எனக்கு இன்னும் வெக்கம் போகேல்லை. ஐயாயிரம் மைல் தாண்டி வந்த பிள்ளை, படம் கீறி, நாள் பிரிச்சு, மேற்குக் கரை வடக்கு முனை எண்டு திட்டம் போட்டு வர, நான் முதல் நாளே கிணத்தடிப் பூவரசுக்குக் கீழ பாயைப் போட்டுச் சரிஞ்சன். கொஞ்சம் இருந்திட்டு எழும்புவம் எண்டுதான் சரிஞ்சனான். கண் முழிச்சா சூரியன் பதிஞ்சு நிக்குது. பின்னேரமோ எண்டு கேக்க, அடுத்த நாள் காலமை எண்டு நீ சொன்னாய். ஒண்டுக்கும் எழும்பேல்லை, மூண்டுக்கும் எழும்பேல்லை, அஞ்சுக்கும் எழும்பேல்லை. அவரைத் திருப்பேல்லை எண்டு ஓடப் பாத்தன், பிறகுதான் எங்க இருக்கிறன் எண்டு விளங்கிச்சுது.

அண்டைக்கும் படுத்தன். மூண்டாம் நாளும் படுத்தன். நாலு நாளில நாங்கள் நடந்தது கிணத்தடியில இருந்து மேற்குக் கரைக்கும், கரையில இருந்து கிணத்தடிக்கும் தானே? அந்தச் சுமையைத் தூக்கி வந்ததுக்கு நீ ஒரு சொல் சொல்லேல்லை. எனக்குப் பக்கத்தில இருந்து முகத்தில மொய்ச்ச இலையான் கலைச்சாய். அந்தக் கரையில இருந்து கடலைப் பாத்தனான் பாரன், அலை வருது, போகுது, ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை. அது பெரிய விசயம். அந்தோனியாருக்கு இன்னொரு பெட்டி மெழுகுதிரி நேந்திருக்கிறன்.

இனி மாமாவின்ர கதை. நீ நிக்கேக்க அவர் வாய் திறக்கேல்லை. நீ போன மூண்டாம் நாள் நான் வழமைபோலத் திருப்ப எழும்பினனான். அவர் முழிச்சுக்கொண்டு கிடந்து, "சிவம், விடு. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பினாப் போதும்" எண்டார். எனக்குக் கோவம் வந்திட்டுது. ஆர் சொன்னது எண்டு கேட்டன். இல்லத்தில நேர்ஸ் பிள்ளை சொன்னதாம், இந்தத் தோலுக்கும், நீ வாங்கித் தந்த காத்து மெத்தைக்கும் ராவில நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போதுமாம், காலமை சிவந்திருக்கோ எண்டு பாத்தாச் சரியாம். அவர் அங்க அஞ்சு நாளும் அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரையாம்.

அப்ப இவ்வளவு காலமும் நான் எழுப்பி எழுப்பி உங்கட நித்திரையையும் குழப்பினனானோ எண்டு கேட்டன். ஓம் எண்டார். ஏன் சொல்லேல்லை எண்டன். "நீ எழும்பி வந்து என்ர காலைப் பிடிக்கேக்க, எனக்கு அது தெரியாது. ஆனா நீ தேவாரம் முணுமுணுக்கிறது கேக்கும். அதை நிப்பாட்டச் சொல்ல மனம் வரேல்லை" எண்டார். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைச்சனான்.

இன்னொண்டும் சொன்னவர். அங்க வந்த பெரிய டொக்டர் அவரைப் பிரட்டிப் பாத்திட்டு, மற்ற நேர்ஸ் பிள்ளையளையும் கூப்பிட்டுக் காட்டினவராம். பதினாறு வருசத்தில ஒரு புண் இல்லை, ஒரு தழும்பில்லை, இவரைப் பாத்தது ஆர் எண்டு கேட்டவராம். இவர் சொன்னாராம், என்ர மனிசி, இப்ப தீவு பாக்கப் போட்டா எண்டு. சொல்லிப்போட்டுச் சிரிச்சார். சத்தமாத்தான் சிரிச்சார், ரூபன் வேலிக்கு மேலால எட்டிப் பாத்தவன்.

இப்ப நாலுக்கு ஒருக்காத்தான். ஆனா எனக்கு ரெண்டுக்கும் முழிப்பு வருது. எழும்பாமல் கிடந்து தேவாரம் சொல்லுறன், அவருக்குக் கேக்கிற மாதிரி.

கறுப்பியின்ர கண்டு வேலி பாயப் பழகிட்டுது. ஐயர் உன்னை விசாரிச்சவர், அடுத்த முறை வந்தாக் கோயிலுக்கும் நாலு நாள் வரட்டாம். நல்லாச் சாப்பிடு. குளிர் தொடங்க முதல் காதுக்குத் தொப்பி வாங்கு.

பிள்ளையாரும் அந்தோனியாரும் உன்னோட.

உன்ர மாமி,
சிவலட்சுமி

கடிதத்தை ஒட்டிப்போட்டுத் திரும்பவும் திறந்தனான். நீ கொண்டந்த சப்பாத்து, போட்ட உடனே கடையில நிண்டு பாத்து வாங்கின மாதிரி இருந்ததே, என்னெண்டு அளவு தெரியும் எண்டு கேக்க நீ சிரிச்சனி. இண்டைக்கு அதைத் துடைச்சு அலுமாரிக்கு மேல வைக்கேக்கதான் ஞாபகம் வந்தது. தை மாசம், பொங்கல் கழிஞ்ச கையோட, உன்ர முதல் கடிதம் வர ஒரு மாசத்துக்கும் முந்தி, மாமா கட்டில்ல கிடந்துகொண்டு என்ர செருப்பு எத்தினையாம் நம்பர் எண்டு கேட்டவர். நான் மாட்டுக்குத் தண்ணி வைக்கிற அவசரத்தில ஆறு எண்டு சொல்லிப்போட்டுப் போனனான்.